ஊசி நுழைந்த இடம்

1888 ஆகஸ்ட். பெர்த்தா பென்ஸ் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குத் தாய்வீடு கிளம்புகிறார். பதினைந்து வயது ஆய்கனும் பதின்மூன்று வயது ரிச்சர்டும் கூட. கணவர் கார்லிடம் சொல்லவில்லை. அவர் செய்த மோட்டார் வண்டிக்கு மூன்று சக்கரம், ஒரே சிலிண்டர், எஞ்சின் பின்பக்கம். அதுவரை சிறுதூரம் ஓடிப் பழகிய வண்டி அது. அன்று நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தொப்பி ஊசியில் வந்து நிற்பார்கள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியை உருவி அடைப்பைக் குத்தி எடுத்தார் என்று. எனக்கு ஊசியைவிட அது நுழைந்த இடம்தான் பெரிது. எஞ்சின் நின்றுபோனால் காரணம் சொல்லாது. எரிபொருள் வராவிட்டாலும் நிற்கும், பொறி விழாவிட்டாலும் நிற்கும். கூப்பிட்டுக் கேட்க கார் மெக்கானிக் என்று ஒருவர் அன்று எந்த ஊரிலும் கிடையாது. எரிபொருள் பக்கமா, கரண்ட் பக்கமா என்று முதலில் பிரித்துவிட்டுத்தான் தொப்பியில் கை வைக்க முடியும். பெர்த்தாவுக்கு அது கைவந்திருந்தது. 1879-ம் வருடத்தின் கடைசி இரவில் கார்லின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் முதன்முதலாக ஒழுங்காக ஓடியபோது, பக்கத்தில் நின்று அதன் துடிப்பைக் கேட்டவர் அவர்.

வழியில் கரண்ட் பக்கமும் கெட்டது. பொறிக்குப் போகும் கம்பியின் உறை தேய்ந்துவிட்டது. இந்த வகைப் பழுது மகா பொல்லாதது. வண்டி குலுங்கும்போது கம்பி இரும்பில் உரசும், பொறி தவறும். நிறுத்திக் குனிந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். உரசும் இடத்தைக் கண்டுபிடித்து, காலுறை நழுவாமல் கட்டும் பட்டையை அவிழ்த்துக் கம்பிமேல் சுற்றினார். குழாயில் இருந்த தடையை எடுத்த அதே கை, கம்பியில் ஒரு தடையைப் போட்டது. இந்த இரண்டையும் அருகருகே வைத்து எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

சங்கிலி இழுபட்டுப்போனதற்குப் புரூக்ஸாலில் ஒரு கொல்லர் இருந்தார். எரிபொருளான லிக்ராயின், துணிக்கறை போக்கும் திரவமாக வீஸ்லோஹ் மருந்துக்கடையில் கிடைத்தது. எஞ்சினைக் குளிர்விக்கும்போது கொதித்து ஆவியாகும் தண்ணீரைக் கண்ட இடத்தில் நிரப்பிக்கொண்டார்கள். இறக்கங்களில் பிரேக்கின் மரக்கட்டை தேய்ந்து பிடிக்காமல் போனதுதான் பயம். பவுஷ்லாட்டில் செருப்புத் தைப்பவரைப் பிடித்துக் கட்டையின் முகத்தில் தோலை வைத்து ஆணியடிக்கச் சொன்னார். மரம் வழுக்குகிற இடத்தில் தோல் கவ்வும். இன்றைக்கு பிரேக் லைனிங் என்று நாம் கடையில் கேட்டு வாங்குவதன் மூத்த பிறப்பு அந்தத் தோல்.

ஏற்றத்தில் மட்டும் ஊசியும் பட்டையும் தோலும் எடுபடவில்லை. எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது, ஆனால் வண்டி ஏறவில்லை. பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். எதுவும் கெட்டுப்போகாமலே வரும் இந்தக் குறையைப் பழுதிலிருந்து பிரித்துப் பார்த்ததைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். வழியில் அதைச் சரிசெய்ய முடியாது, பட்டறையில்தான் முடியும். இருட்டும் நேரத்தில் ஃபோர்ட்ஸ்ஹைம் சேர்ந்து கார்லுக்குத் தந்தி அடித்தார்கள். சில நாள் கழித்து அதே வண்டியில் வீடு திரும்பினார்கள். அதன்பிறகு கார்ல், ஏற்றத்துக்கென்றே இன்னொரு கியரைச் சேர்த்தார்.