கதவின் உள்பக்கம்

1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலியின் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. மறுநாள், ஜெர்மானியர் வந்துசேருமுன், பார்மாவுக்கு அருகிலிருந்த ஃபான்டனெல்லாட்டோ முகாமின் பிரிட்டிஷ் கைதிகள் வெளியேறி நடந்தார்கள். சில நாட்களில் வட இத்தாலி ஜெர்மன் ஆக்கிரமிப்பின் கீழ் வந்துவிட்டது. தப்பியவனைக் காட்டிக்கொடுத்தால் 1,800 லிரா. வீட்டில் வைத்திருந்தால் மரண தண்டனை. இருந்தும் ஆயிரக்கணக்கான கைதிகள் அந்தக் குளிர்காலத்தைக் குடியானவர் வீடுகளில் கழித்தார்கள்.

அந்த முகாமிலிருந்து போனவர்களில் இருவருடைய புத்தகங்கள் முக்கியமானவை. எரிக் நியூபியின் ‘அப்பென்னைன் மலைகளில் காதலும் போரும்’ (1971) நன்றாக எழுதப்பட்டது. ஒரு மலைப் பண்ணையில் அவர் வயலிலிருந்து கல் பொறுக்குகிறார். வண்ணத்துப்பூச்சி பிடிக்க வந்த ஜெர்மன் அதிகாரி அவரை யாரென்று தெரிந்துகொண்டும் பிடிக்காமல், பீர் கொடுத்துவிட்டுப் போகிறார். நியூபிக்கு நகைச்சுவை எளிதாக வருகிறது. ஆனால் தஞ்சம் தந்தவர்கள் ஏன் தந்தார்கள் என்று கேட்டால் புத்தகத்திடம் ஒரே பதில்தான் இருக்கிறது: நல்ல மனசு.

நல்ல மனசு விளக்கமல்ல. விசாரணையை முடித்துவைக்கும் சொல். நம் விமர்சனத்தில் ‘மனிதாபிமானம்’ செய்துவருகிற வேலையும் இதுவே. அந்த வீடுகளில் பலவற்றின் பிள்ளைகள் ரஷ்யப் போர்முனையிலிருந்து திரும்பவில்லை. செப்டம்பருக்குப் பிறகு ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியப் படைவீரர்களை ஜெர்மானியர் கைதிகளாகக் கொண்டுபோனார்கள். இவனுக்கு இங்கே சோறு போட்டால் அவனுக்கு அங்கே யாராவது போடுவார்கள் என்ற கணக்கு, பாசிஸ்டுகள் மேலிருந்த வெறுப்பு, வயலில் ஆள் இல்லாத நிலை, சர்ச்சில் கேட்டது, பயம் எல்லாம் கலந்ததுதான் அந்தக் கதவைத் திறந்த கை.

ஸ்டூவர்ட் ஹூட் இருபது வருஷம் காத்திருந்து ‘என் மண்டையோட்டிலிருந்து கூழாங்கற்கள்’ (1963) எழுதினார். தன் ஞாபகத்தையே அவர் நம்புவதில்லை. 1985இல், அந்த ஜனங்கள் தன்னை அழைத்த ‘கார்லீனோ’ என்ற பெயரையே தலைப்பாக்கி, பின்னுரை ஒன்றும் சேர்த்து மறுபடி வெளியிட்டார். தன் அனுபவத்தை முடிந்துபோனதாகக் கருதாத இந்த அமைதியின்மை நியூபியிடம் இல்லை.

எனினும் இருவருக்கும் பொதுவான ஒரு வடிவப் பிரச்னை உண்டு. ஓடுகிறவன் எழுதும்போது பாதையே கதையாகிவிடுகிறது. ஒவ்வொரு வீடும் அதில் ஒரு அத்தியாயம். அவன் போனதும் அத்தியாயம் முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு அப்படி முடிவதில்லை. வீடு ஓட முடியாது.

இதனால்தான் அல்சிடே செர்வியின் ‘என் ஏழு மகன்கள்’ (1955) நமக்கு வேண்டியிருக்கிறது. பார்மாவுக்கு அடுத்த ரெஜியோ எமிலியா மாவட்டத்துக் குடியானவர் அவர். அந்த வீட்டில் ரஷ்யர் உட்படப் பல நாட்டுக் கைதிகள் தங்கினார்கள். 1943 நவம்பர் 25 அன்று வீடு சுற்றிவளைக்கப்பட்டது. டிசம்பர் 28 அன்று ஏழு சகோதரர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிறையிலிருந்த தந்தைக்கு அது தெரியாது. குண்டுவீச்சில் சிறை உடைந்து வீடு திரும்பிய பிறகுதான் அறிந்துகொண்டார்.

இவர்களை வெள்ளந்தி நாட்டுப்புறத்தார் என்று யாரும் எழுதிவிட முடியாது. குத்தகை நிலத்தை மேடுபள்ளம் நீக்கிச் சமப்படுத்தியவர்கள். 1939இல் டிராக்டர் வாங்கியபோது கூடவே ஒரு பூகோள உருண்டையும் வாங்கிவந்தவர்கள். அந்நியனுக்குக் கதவைத் திறந்ததில் ஒரு சிந்தனை இருந்தது.

புத்தகத்தில் குறைகள் இல்லாமலில்லை. கிழவர் சொல்ல, பத்திரிகையாளர் ரெனாட்டோ நிக்கொலாய் தொகுத்தது. கட்சிக் குரல் பல இடங்களில் உரக்கக் கேட்கிறது. இன்னொரு மௌனமும் இருக்கிறது. அத்தனை பேருக்கும் சமைத்து, துணி துவைத்து, பிறகு 1944 நவம்பரில் இறந்துபோன தாய் ஜெனொவெஃபா. விதவைகளாகி வயலைப் பார்த்துக்கொண்ட நான்கு மருமகள்கள். இவர்களில் ஒருவர் சொல்லியிருந்தால் அது நான்காவது புத்தகமாக, வேறொன்றாக இருந்திருக்கும்.

போருக்குப் பின் உதவியவர்களுக்கு ஃபீல்டு மார்ஷல் அலெக்ஸாண்டரின் அச்சிட்ட கையெழுத்தோடு நன்றிப் பத்திரம் தந்தார்கள். நியூபியின் புத்தகம் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதுவும் நன்றி சொல்லுகிற காரியம்தான். நன்றி சொல்லுகிறவன் வாசலுக்கு வெளியே நிற்கிறான். மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நியூபியை மட்டும் படித்தவர்கள் ஒரு நல்ல புத்தகம் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.