ஹம்போல்ட்டின் கிளி

ஒரு மனிதருடைய பெயரை எத்தனை இடங்களுக்கு வைக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டானால், அலெக்ஸாண்டர் ஃபான் ஹம்போல்ட் விஷயத்தில் உலகம் அதை எப்போதோ தாண்டிவிட்டது. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் ஓடும் குளிர்ந்த நீரோட்டம் அவர் பெயரில் இருக்கிறது. அந்த நீரில் மீன் பிடித்துத் தின்னும் பெங்குவினுக்கும் அவர் பெயர்தான். கிரீன்லாந்தில் ஒரு பனியாறு, வெனிசுவேலாவில் ஒரு சிகரம், கலிபோர்னியாவில் ஒரு விரிகுடா, பெர்லினில் அவருக்கும் அவருடைய அண்ணன் வில்ஹெல்முக்கும் சேர்த்து ஒரு சர்வகலாசாலை. போதாதென்று சந்திரனிலும் ஓர் இருண்ட சமவெளிக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். நெவாடாவில் அவர் பெயர் தாங்கிய நதி ஒன்று கடலையே பார்க்காமல் பாலைவனத்தில் வற்றிப் போகிறது. அந்தப் பக்கம் அவர் போனதே கிடையாது. 1860-களில் அந்த மாநிலத்துக்கே ஹம்போல்ட் என்று பெயர் வைக்கலாமா என்றும் யோசித்தார்கள். நல்ல வேளை, நதியோடு நின்றது.

அவர் பிறந்தது 1769-இல். 1869-இல் நூற்றாண்டு வந்தபோது பெர்லினிலும் நியூயார்க்கிலும் அமர்க்களமாகக் கொண்டாடினார்கள்; நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் ஒரு மார்பளவுச் சிலையும் திறந்தார்கள். பெயருக்குக் குறைவில்லை. புத்தகங்களைப் படிப்பவர்கள்தான் குறைவு. பெயரை மாத்திரம் தெரிந்துவைத்துக்கொண்டு புத்தகத்தைத் தொடாமல் இருப்பது நமக்கும் பழக்கமான காரியம்தான். எத்தனை வீதிகளுக்குக் கவிஞர்களின் பெயரை வைத்திருக்கிறோம்!

1799-இலிருந்து 1804 வரை போன்பிளான் என்கிற பிரெஞ்சுத் தாவர நிபுணருடன் ஹம்போல்ட் ஸ்பானிய அமெரிக்காவில் சுற்றினார். அந்தப் பிரயாணத்தின் விளைவாக அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் வந்தன. டார்வின் கப்பலேறியபோது கையில் எடுத்துச் சென்ற பிரயாண நூல் அவற்றில் ஒன்று. முதுமையில் எழுதத் தொடங்கிய 'காஸ்மாஸ்' பெரிய புகழ் பெற்றது. கதை படிக்கிறவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அறிவின் பாரத்தில் வாக்கியங்கள் மூச்சு வாங்குகின்றன. நான் சொல்ல வந்தது 1808-இல் வெளியான 'இயற்கைக் காட்சிகள்' என்கிற சிறிய நூலை. சிறியது என்றேனே தவிர, ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னாலும் அதைவிட நீளமான குறிப்புகள் வால்போலத் தொங்குகின்றன. முதல் முறை படிக்கும்போது அந்த வால்களைத் தாராளமாக விட்டுவிடலாம்.

ஓரினோகோ நதியின் நீர்வீழ்ச்சிகளைப் பற்றிய கட்டுரைதான் இந்தப் புத்தகத்தின் உயிர். அதன் முடிவில் ஒரு கிளி வருகிறது. ஆதூர் என்கிற இனத்தார், காரிப் இனத்தாரால் விரட்டப்பட்டுப் பாறைகளுக்கிடையே ஒதுங்கி, ஒருவர் விடாமல் அழிந்துபோனார்களாம். மைப்பூரே என்ற ஊரில் கிழட்டுக் கிளி ஒன்று இருக்கிறது. அது பேசுவது யாருக்கும் புரிவதில்லை. ஏன் என்று கேட்டால், அது பேசுவது ஆதூர்களின் பாஷை என்கிறார்கள் ஊர்க்காரர்கள். இவ்வளவுதான் ஹம்போல்ட் சொல்வது. ஒரு பாஷை செத்துப்போவதைப் பற்றி நாவலாசிரியன் ஒருவன் முந்நூறு பக்கம் எழுதினாலும் இதற்குமேல் எதைச் சொல்லிவிட முடியும்? வேறொருவர் கையில் கிடைத்திருந்தால் கிளியை அழவைத்திருப்பார்.

ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த இனத்தாரின் எலும்புகள் பனையோலைக் கூடைகளில் வைத்துப் பாதுகாக்கப்பட்ட அதருய்பே குகைக்கு ஹம்போல்ட் போகிறார். சுமார் அறுநூறு எலும்புக்கூடுகள். வழிகாட்டிகளாக வந்த இந்தியர்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தும், சில மண்டையோடுகளையும், ஒரு குழந்தையின் எலும்புக்கூட்டையும், பெரியவர்கள் இருவருடையதையும் எடுத்துக்கொண்டு வருகிறார். வழியில் கேட்டவர்களிடம் அவை முதலை எலும்புகள் என்று சொல்லிப் பார்த்ததாகப் பிரயாண நூலில் எழுதுகிறார். அவர்கள் நம்பவில்லை, எங்கள் பழைய உறவினரின் எலும்புகள் என்றே சாதித்தார்கள். கடைசியில் அவற்றில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குப் போகும் வழியில், ஆப்பிரிக்கக் கரையருகே கப்பலோடு மூழ்கிப்போயிற்று.

கிளியின் பேச்சுக்குக் காது கொடுத்தவர், பக்கத்தில் நின்று மனிதர்கள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலத்தின் வழக்கம் அது என்று சமாதானம் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. அந்தக் காலத்திலேயே வேண்டாம் என்றவர்கள் அவர் கூடவே நடந்தார்கள் அல்லவா? அது நமக்குத் தெரிந்திருப்பது அவர் எழுதிவைத்ததால்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிலை வைத்தவர்கள் எவரும் இதைச் சொல்லமாட்டார்கள். புத்தகம் சொல்கிறது.

பெயர் விஷயத்திலும் சிலை வைத்தவர்களைவிட அவர் தெளிவாக இருந்தார். தென் அமெரிக்கக் கரையோர நீரோட்டத்துக்குத் தம் பெயர் வருவதை அவர் விரும்பவில்லை. சிலி முதல் பாய்தா வரையில் மீன் பிடிக்கிற பையன்களுக்கெல்லாம் அது முந்நூறு வருஷமாகத் தெரியும், அதன் குளிர்ச்சியை முதலில் அளந்தது மாத்திரமே தம்முடைய பங்கு என்று எழுதினார். யார் கேட்டார்கள்?

கலிபோர்னியாவின் விரிகுடாவுக்கும் முன்பே ஒரு பெயர் இருந்தது. அங்கே வாழ்ந்த வியோட் மக்கள் அதை விகி என்று அழைத்தார்கள். 1850-இல் கப்பலில் வந்து குடியேறியவர்கள் ஹம்போல்ட் பெயரைச் சூட்டினார்கள். 1860 பிப்ரவரி 26-ஆம் தேதி, ஹம்போல்ட் இறந்து பத்து மாதங்கூட ஆகாத நிலையில், அந்த விரிகுடாவின் தீவொன்றில் சடங்கு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த வியோட் மக்களை வெள்ளையர் கும்பல் வெட்டிக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பின்னால் சிறுகதைகளால் புகழ்பெற்ற பிரெட் ஹார்ட் அப்போது பக்கத்து ஊர்ப் பத்திரிகையில் வேலையிலிருந்தார். கண்டித்து எழுதினார், ஊரை விட்டுப் போக நேர்ந்தது. 2019-இல்தான் யுரேகா நகரசபை அந்தத் தீவில் தன் வசமிருந்த நிலத்தை வியோட் மக்களிடம் திருப்பிக் கொடுத்தது.

பெயரை வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிடும் இந்த வித்தையை அவர் உயிரோடு இருந்தபோதே ஒருவர் செய்துகாட்டினார். கியூபாவைப் பற்றிய நூலில் அடிமை முறையைச் சாடி ஹம்போல்ட் ஓர் அத்தியாயம் எழுதியிருந்தார். 1856-இல் அமெரிக்காவில் த்ராஷர் என்பவர் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அட்டையில் ஹம்போல்ட் பெயர் இருந்தது, உள்ளே அந்த அத்தியாயம் இல்லை. கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. வானியல், காந்தவியல் ஆராய்ச்சிகளையெல்லாம்விட அந்தப் பகுதியைத்தான் தாம் பெரிதாக மதிப்பதாகப் பத்திரிகையில் அறிக்கை விட்டார்.

'இயற்கைக் காட்சிகள்' நூலின் 1849-ஆம் வருஷத்துப் பதிப்பில், எண்பதை நெருங்கும் வயதில், அவர் சேர்த்த கட்டுரைகளில் ஒன்று பெரு நாட்டின் கஹமார்க்காவைப் பற்றியது. இன்கா அரசர்களின் வழிவந்த அஸ்தோர்பில்கோ குடும்பத்தின் வறுமையை அதில் காட்டுகிறார். பதினேழு வயதுப் பையன் ஒருவன் இடிபாடுகளைச் சுற்றிக் காட்டுகிறான். காலடியில், மண்ணுக்குள்ளே, பொன்னால் செய்த மரங்கள் நிற்கும் தோட்டம் இருக்கிறது என்று நிச்சயமாக நம்புகிறான். இவ்வளவு கஷ்டத்தில் தோண்டி எடுக்க ஆசை வரவில்லையா என்று ஹம்போல்ட் கேட்கிறார். இம்முறை பதிலை முழுவதும் கேட்டு எழுதிக்கொள்கிறார். அந்த ஆசை எங்களுக்கு வருவதில்லை, அது பாவம் என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்கிறான் பையன். பொன் கையில் இருந்தால் வெள்ளைக்கார அண்டைவீட்டார் எங்களைப் பகைத்துத் தொல்லை கொடுப்பார்கள். எங்களுக்குச் சின்ன வயல் ஒன்று இருக்கிறது, கோதுமை நன்றாக விளைகிறது என்கிறான்.

1849, 1850 இரண்டு வருஷங்களிலும் ஆங்கில மொழிபெயர்ப்புகள் வந்தன. 2014-இல் புதிதாகவும் ஒன்று வந்திருக்கிறது. நீர்வீழ்ச்சிக் கட்டுரையைப் படித்த கையோடு இதையும் படியுங்கள்.