கொளுத்துவதா, பூட்டி வைப்பதா?

அமெரிக்காவில் ஒரு பஞ்சாயத்து ரொம்ப நாளாக ஓடுகிறது. உங்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லாததுதான். ஆனாலும் கேளுங்கள்.

மாடல் ராக்கெட் விடுகிறவர்கள் அங்கே ஏராளம். அட்டைக்குழாய் ராக்கெட்டின் வாலில் விரல் நீள மோட்டார் ஒன்றைச் செருகுவார்கள். காகிதக் கூடு, உள்ளே இறுக்கி அழுத்திய கருமருந்து, அடியில் களிமண் துவாரம். தள்ளி நின்று பாட்டரி ஸ்விட்சை அமுக்கினால் சில நூறு அடி போய், பாராசூட்டில் இறங்கும். ஒரு மோட்டார் ஒரு தடவைக்குத்தான். 1960களில் செய்த மோட்டார்கள் சிலர் வீட்டில் இன்னமும் பிரிக்காமல் கிடக்கின்றன. பறக்க விடுவதா, பத்திரப்படுத்துவதா?

'எரியத்தானே செய்தார்கள், எரியட்டும்' என்பது ஒரு கட்சி. 'போனால் வராது' என்பது எதிர்க்கட்சி.

நான் படித்தது பி.காம். கணக்குப்படி முதல் கட்சி சொல்வது சரி. மோட்டார், நாற்காலி மேஜை மாதிரி நிலையான சொத்து இல்லை. உபயோகித்தால் செலவு, உபயோகிக்காவிட்டால் கிடப்புச் சரக்கு.

ஆனால் ஒரு சிக்கல். நம் வீட்டுத் தீபாவளி மிச்சம் நமத்துப் போனால் வெறும் புஸ்ஸோடு முடிந்துவிடும். இது நேர்மாறு. வெயிலிலும் குளிரிலும் மாறி மாறிக் கிடந்தால் மருந்துக் கட்டி விரிசல் விடும், கூட்டைவிட்டு விலகும். பற்றியதும் விரிசலுக்குள்ளும் தீ பாயும். அழுத்தம் தாங்காமல் ராக்கெட்டோடு வெடிக்கும். வெளியே பார்த்தால் புத்தம் புதுசு!

இந்த மோட்டார் ஏன் பிறந்தது தெரியுமா? 1950களில் பையன்கள் தாங்களே மருந்து கலந்து ராக்கெட் செய்து விரல்களை இழந்தார்கள், சிலர் உயிரையே. நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் 1954ல் ஒரு மாற்று கண்டுபிடித்தார். ஹாரி ஸ்டைன் அதை 1957ல் வியாபாரமாக்கினார். 'மேபல்' என்று வெர்னன் எஸ்டஸ் பெயர் வைத்த யந்திரம் 5.5 வினாடிக்கு ஒரு மோட்டார் செய்து தள்ளியது. அடிப்படை நோக்கம், பையன் கையில் மருந்து படக்கூடாது.

ஆக, எங்கே எப்படிக் கிடந்தது என்று தெரியாத மோட்டாரைக் கொளுத்துவது பழமைக்கு மரியாதை இல்லை. எந்த ஆபத்தை ஒழிக்க அதைச் செய்தார்களோ, அதையே திரும்பக் கூப்பிடுவது.

பூட்டி வைப்பவர்களும் மார்தட்ட வேண்டாம். ஜன்னல் வெயிலில் ஷோகேஸ் வைத்தால் அதுவும் அழிப்பதுதான், மெதுவாக.

என் தீர்ப்பு இது. ஜாதகம் தெரிந்து, ஒன்றுக்கு மேல் இருந்து, சங்க விதியும் இடம் கொடுத்தால் ஒன்று பறக்கட்டும், ஜனங்கள் தள்ளி நிற்க. ஜாதகம் தெரியாததும் கடைசி ஒன்றும் பறக்கவே வேண்டாம்.

எரிந்த கூட்டையும் எறியாதீர்கள். எவ்வளவு சக்தி, எத்தனை வினாடி கழித்துப் பாராசூட் என்கிற குறியீடு அதில்தான் அச்சாகியிருக்கிறது. பறந்ததற்கு அதுதான் வவுச்சர். வவுச்சர் இல்லாத செலவை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?