டொயோட்டா கேம்ரி: ஆற்றலைப் பங்கிடும் பற்சக்கரங்கள்

நடுத்தர அளவுக் குடும்பக் காரை மதிப்பிடுவோர் தொடுதிரையிலிருந்தே தொடங்குவது வழக்கமாகிவிட்டது. டொயோட்டா கேம்ரி ஹைபிரிட்டிலோ, வெளியே தெரியாத ஒரு பற்சக்கரத் தொகுதிக்கே முதல் மரியாதை சேர வேண்டும். நடுவில் சூரியச் சக்கரமும், அதைச் சுற்றிவரும் கோள் சக்கரங்களும், அவற்றைச் சூழ்ந்த உட்பல் வளையமும் கொண்ட இத்தொகுதியில், பெட்ரோல் எஞ்சின் கோள் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தோடும், மின்னாக்கி சூரியச் சக்கரத்தோடும், காரை உந்தும் மோட்டார் வளையத்தின் பக்கமும் இணைந்திருப்பதால், படிப்படியான கியர் மாற்றம் இன்றியே எஞ்சினின் ஆற்றல் கார்ச் சக்கரங்களுக்கும் மின்னாக்கிக்கும் தேவைக்கேற்பப் பிரிகிறது. இவ்வளவு குறைவான உறுப்புகளால் இத்தனை நெகிழ்ச்சியை எட்டியிருப்பது வியந்து போற்றத்தக்க பொறியியல்.

2018 மாதிரியில் வந்த 2.5 லிட்டர் எஞ்சின், உள்ளிழுப்பு வால்வைத் தாமதமாக மூடுவதன்மூலம் வாயு அமுங்கும் அளவைவிட விரியும் அளவைக் கூட்டும் அட்கின்சன் முறையைக் கையாண்டு, எரிபொருளின் வெப்பத்தில் 41 விழுக்காடு வரை இயக்கமாக மாற்றுகிறது. பெட்ரோல் எஞ்சினுக்கு இது உயர்ந்த அளவு. அதே மாதிரியில் மின்கலத் தொகுதி பின் இருக்கைக்கு அடியில் அமைக்கப்பட்டதால், முந்தைய ஹைபிரிட்டில் டிக்கியிலிருந்து பறிபோன இடமும் குடும்பத்தின் பெட்டிகளுக்கே திரும்பக் கிடைத்தது.