அண்டத்தின் தொடக்க நிபந்தனைகளும் நார்லிகரின் விடையும்

எறிந்த கல்லின் பாதையைக் கணிப்பதற்கு ஈர்ப்பு விதி மட்டும் போதாது. எறிந்த இடமும் வேகமும் வேண்டப்படும். இவையே தொடக்க நிபந்தனைகள். கல்லுக்கு இவற்றைப் புறத்தேயிருந்து பெறலாம்; அண்டத்துக்குப் புறம் ஏது?

1965இல் அறியப்பட்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு, எத்திசை நோக்கினும் இலட்சத்தில் ஒரு பங்களவு வேறுபாட்டோடு ஒரே தன்மையதாய் உள்ளது. ஒன்றோடொன்று தொடர்புற்றிராத பகுதிகள் ஒத்திருப்பது எங்ஙனம்? அண்டம் தன் தொடக்கக் கணத்தில் அதிவேகமாய் வீங்கி மேடுபள்ளங்களை நீக்கிற்று என 1981இல் அலன் கூத் விடை கூறினார். தொடக்கம் எத்தன்மையதாயினும் முடிவு ஒன்றே என்பது இவ்வண்டவீக்கக் கொள்கையின் பெருமை.

இப்பெருமையில் முற்பங்கு ஒன்று ஜயந்த் நார்லிகருக்கு உரியது. 1963இல் அவரும் பிரெட் ஹொயிலும், பொருளைப் படைக்கும் புலமொன்றால் விரியும் அண்டம் தன் தொடக்க ஒழுங்கின்மைகளைத் தானே துடைத்துவிடும் எனக் காட்டினர்.

எனினும் விடை முற்றுப்பெற்றதா? சாய்ந்தமருதுக் கரையில் கரைவலை இழுத்தோரின் காற்சுவடுகளை அலை அழிக்கும். அலை எட்டாத மேட்டு மணலிலோ அவை நிலைக்கும். வீக்கமும் அத்தகையதே. அது தொடங்குவதற்கே ஓரளவு சீரான பரப்பு வேண்டும் என்பதைத் தன்மய் வச்சஸ்பதியும் மார்க் டிரொடனும் எடுத்துரைத்தனர். 2016இல் வெளிவந்த கணினி ஆய்வு, சில வகை வீக்கங்கள் சீரற்ற நிலையிலும் தொடங்கலாம் எனக் காட்டி இத்தடையைத் தளர்த்திற்று, முற்றாக நீக்கவில்லை.

மாற்றுக் கொள்கைகளின் நிலை யாது? 2001இல் போல் ஸ்ரைன்ஹாட் முதலானோர் முன்வைத்த கொள்கையில், அண்டம் மெல்லச் சுருங்கிச் சீரடைந்து, பின் விரிகிறது. ஆங்கு சுருக்கம் விரிவாக மாறும் கட்டமே சிக்கலாகின்றது. 1993இல் ஹொயில், பேர்பிட்ஜ், நார்லிகர் மூவரும் தொடக்கமே அற்ற, விரிந்தும் சுருங்கியும் வளரும் அண்டத்தை மொழிந்தனர். தொடக்கம் இல்லையெனின் அதற்கு நிபந்தனையும் இல்லையன்றோ? ஆயின் அதற்கு ஈடாக, எதிர்ச் சக்தி கொண்ட புலமொன்றை ஏற்கவேண்டியதாயிற்று. பின்னணிக் கதிர்வீச்சை விளக்க இரும்பு ஊசித் துகள்களையும் துணைக்கழைத்தனர். அறிஞருட் பெரும்பாலார் இதனை ஏற்றிலர். அவர்தம் மறுப்பு தக்கதே.

ஆக, எக்கொள்கையும் நிபந்தனையை ஒழிக்கவில்லை. இடம் மாற்றியே வைத்துள்ளது. ஒன்று அதனை முற்காலத்தில் வைத்தது. மற்றொன்று திருப்பத்தில் வைத்தது. நார்லிகர் விதியினுள்ளேயே வைத்தார். கொள்கையொன்றை மதிப்பிடுவோர், அது எதனை விளக்கிற்று என்பதோடு, எதனைக் கேளாமலே பெற்றுக்கொண்டது என்பதையும் ஆராய்தல் வேண்டும். 2025இல் மறைந்த நார்லிகரின் அண்டம் சோதனையில் நிலைபெறவில்லை. பலரும் ஐயமின்றி ஏற்ற தொடக்கத்தை அவர் எழுப்பிய வினா இன்றும் நிலைபெற்றுள்ளது.