கஞ்சியின் பெருமையும் கூலியின் சிறுமையும்

தமிழர் உணவையும் உடல்நலத்தையும் இணைத்துப் பேசும் எழுத்துக்களை நாம் இருவகைப்படுத்தலாம். ஒருசாரார், ‘பதார்த்த குண சிந்தாமணி’யைக் கையிலேந்தி, முன்னோர் உண்டதெல்லாம் மருந்தே எனப் போற்றுவர். மறுசாரார், பிள்ளையின் சத்துக்குறைவுக்குத் தாயின் அறியாமையே காரணம் எனச் சாடுவர். இரு சாராருமே அடுப்பைப் பார்க்கின்றனர். அரிசியின் விலையைப் பார்ப்பதில்லை.

பண்பாட்டை நாம் இகழவில்லை. நெல்லைப் புழுக்கிக் குத்தும் வழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உட்பாகத்திற் சேர்கிறது. பின்னர் தீட்டினாலும் அது முற்றாக நீங்குவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே, தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் நோயுற்றதை யாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கண்டார். பெரிபெரி நோயின் காரணத்தை அறிய வழிகாட்டிய அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நமது பாட்டியர் தயமினை அறியார். நெல் குத்தும்போது நொறுங்காமலும், வைத்திருக்கையிற் கெடாமலும் காக்கக் கண்ட வழி, உடலையும் காத்தது. இதை விளக்குவது அறிவியல். முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என்பது வெறும் மயக்கம். தீட்டிய வெள்ளையரிசியே உயர்ந்தோர் உணவு என்ற மதிப்பும் நமது பண்பாட்டிலே வளர்ந்ததுதானே?

இனி விலைக்கு வருவோம். வெள்ளவத்தைச் சந்தையிலே வல்லாரையும் முருங்கைக்கீரையும் மீனும் உண்டு. ஆனால், கொட்டாஞ்சேனையிலிருந்து விடியுமுன் வேலைக்குப் புறப்படும் நாட்கூலிக்காரன் வீட்டிலே பாணும் சம்பலுமே காலையுணவாகின்றன. இலைக்கஞ்சி காய்ச்சப் பணம் மட்டுமன்று, நேரமும் எரிபொருளும் வேண்டும். 2022 செப்டெம்பரிலே கொழும்பின் உணவு விலைகள் முந்திய ஆண்டினும் 94.9 வீதம் உயர்ந்திருந்தன. அவ்வாண்டு சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். அந்த வரிசையில் நின்ற தாய்க்குச் சமச்சீர் உணவுப் பட்டியலை நீட்டுவது அறிவுரையா, அவமதிப்பா?

உணவு அரசியல் என்பதை இந்நாட்டு மக்கள் முன்பே உணர்த்தியுள்ளனர். 1953இல் கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் எழுந்தது; அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். எந்தச் சத்துணவு நூலையும்விட அந்த நாள் நமக்குக் கற்பித்தது அதிகம்.

ஆதலின், உணவுப் பண்பாட்டை உடல்நல நோக்கில் ஆராய்வோர் மூன்று வினாக்களை ஒருங்கே எழுப்பவேண்டும்: இவ்வுணவில் உள்ள சத்து யாது? இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது? இதனை வாங்கும் வலிமை யாருக்கு உண்டு? மூன்றாவது வினாவை விடுத்த ஆராய்ச்சி, வசதியுள்ளோரின் பொழுதுபோக்காகவே முடியும். ஆசிரியர்களாகிய நாம் உயிர்ச்சத்துக்களின் பெயர்களை மனனஞ்செய்விப்பதோடு நின்றுவிடலாகாது. ஒரு குடும்பத்தின் ஒருநாட் கூலியையும் ஒருவேளை உணவின் விலையையும் மாணவர் ஒப்பிட்டுக் கணக்கிடட்டும். பசித்த வயிற்றோடு பாடங்கேட்கும் பிள்ளைக்குப் பள்ளியிலே ஒருவேளை நல்லுணவு உரிமை என்பதை நாம் வற்புறுத்துவோம். அதன்பின் கஞ்சியின் பெருமையைப் பேசினால், அப்பிள்ளையும் மகிழ்ந்து கேட்கும்.