காக்கப்பட்ட கட்டடங்களும் கைவிடப்பட்ட குடிகளும்

தான் எதிர்த்த தீமையை ஒரு நூல் வென்றுவிட்ட பின்னரும், அவ்வெற்றியின் பயன் எவரைச் சேர்ந்தது என்ற வினா எஞ்சுமாயின், அந்நூலை மீண்டும் படித்தல் விமரிசகனின் கடமையாகும். ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார் 1961ஆம் ஆண்டிலே வெளியிட்ட ‘மாபெரும் அமெரிக்க நகரங்களின் மரணமும் வாழ்வும்’ அத்தகையதொரு நூல். அதன் பின்வந்த நியூயோர்க் மாநகரின் வரலாறே அதற்கு வாய்த்த உரை எனலாம்.

நூல் பிறந்த சூழலை முதலில் நோக்குவோம். 1949ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம், சேரி ஒழிப்பு என்னும் பெயரால் நகரின் நடுவே நிலங்களைக் கையகப்படுத்த வழிசெய்தது. நியூயோர்க்கிலே அவ்வதிகாரத்தைக் கையாண்டவர் ரொபேட் மோசஸ். மக்கள் வாக்கினால் எப்பதவிக்கும் தெரிவாகாதவர். லிங்கன் கலைநிலையம் எழுந்த இடத்திலே ஆயிரக்கணக்கான எளிய குடும்பங்கள் வாழ்ந்தன. அவை வெளியேற்றப்பட்டன, அந்நிலத்திலே இசை நாடக அரங்கு எழுந்தது. 1961இல் மாநகர ஆட்சியினரின் பார்வை அம்மையார் வாழ்ந்த கிறீனிச் விலேஜ் பகுதியின் பதினான்கு வீதித் தொகுதிகள் மீது விழுந்தது. அயலவர் ஒன்றுதிரண்டு போராடினர்; மறு ஆண்டிலே திட்டம் கைவிடப்பட்டது. கீழ் மான்ஹற்றனைப் பிளந்து செல்லவிருந்த நெடுஞ்சாலையும் 1969இல் கைவிடப்பட்டது. இவை சாமானியமான வெற்றிகளல்ல.

நூலின் உயிர்நாடி பழைய கட்டடங்களைப் பற்றிய அத்தியாயம். அவற்றை ஆசிரியை வேண்டியது அழகுக்காகவன்று. புதிதாய் எழுப்பிய கட்டடத்தின் செலவை வாடகையே ஈடுசெய்ய வேண்டும். வங்கியும் பெருங்கடைகளும் அவ்வாடகையைத் தாங்கும். செருப்புத் தைப்பவனும், சிறு புத்தகக் கடைக்காரனும், குடியேறி வந்தவன் நடத்தும் உணவுச்சாலையும் தாங்கா. கட்டிய செலவு என்றோ தீர்ந்துபோன பழைய கட்டடமே அவர்களுக்குப் புகலிடம். இங்கே பழமை என்பது குறைந்த வாடகைக்கு மறுபெயர். நகர நிர்மாணத்தை வெறும் வடிவமாகக் கண்ட நிபுணர் கூட்டத்தின் நடுவே, கணக்கேட்டைத் திறந்து காட்டிய இத்துணிவு போற்றத்தக்கது.

ஆயின் குறைந்த வாடகை செங்கல்லின் இயல்பன்று. உடைமையாளனுக்கும் குடியிருப்பவனுக்கும், அவ்விடத்தை விலைகொடுத்துப் பெற விழையும் மூன்றாமவனுக்கும் இடையிலான உறவு அது. நூலிலே அம்மையாரின் ஹட்ஸன் வீதி மதுச்சாலையில் துறைமுகத் தொழிலாளர் கூடுகின்றனர். கொள்கலன் கப்பல்கள் வந்ததும் சரக்கு வேலை நியூ ஜேர்சிக் கரைக்குப் பெயர்ந்தது; அத்தொழிலாளரின் வாழ்வும் பெயர்ந்தது. எஞ்சிய வீடுகளுக்குப் புதிய விலை பிறந்தது.

பென்சில்வேனியா புகையிரத நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கிய போது எழுந்த கண்டனம், 1965இல் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வழிகோலியது. 1969இல் கிறீனிச் விலேஜின் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அச்சட்டத்தின் காவலுக்குள் வந்தன. சாளரத்தை மாற்றவும் முகப்பைத் திருத்தவும் அனுமதி வேண்டும். வாடகையை உயர்த்துவது பற்றி இச்சட்டம் வாய் திறக்கவில்லை. இன்று அவ்வீடுகள் மாறாத தோற்றத்துடன் நிற்கின்றன. நகரின் மிகு விலையுள்ள வீடுகளுள் அவையும் சேர்ந்துவிட்டன.

காவல்தான் விலையை ஏற்றியது, அதனை நீக்கினால் வாடகை தாழும் என்று நிலவணிகர் வாதிடுவர். அவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. இடித்த இடத்திலும் எளியவன் மீளவில்லை என்பதற்கு லிங்கன் கலைநிலையமே சான்று. இடிப்பதும் காப்பதும் ஒரே சந்தையின் கையில் இருக்கும்வரை இரண்டின் முடிவும் ஒன்றே.

ஆசிரியை இதனைக் காணாதவரல்லர். சிறப்புற்ற வீதியை நாடி அதிக விலை தருவோர் வந்து பிறரை வெளியேற்றுவர் என்று அவரே ஓர் அத்தியாயம் எழுதினார். நோயைக் கண்டவர், நிலம் விற்பனைப் பண்டமாயிருப்பதை வினவாது, பயன்பாட்டு விதிகளையும் அத்தகைய வீதிகள் பெருகுவதையும் மருந்தாகக் கூறினார். மக்கள் தாமே விரும்பித் தங்குவதால் சேரி சீர்பெறும் என்றார். தங்க விரும்பியும் இயலாதவன் கதி என்ன? வர்க்க வேறுபாட்டை மறந்து கட்டடத்துக்கே மிகுந்த ஆற்றலை ஏற்றியுரைத்தார் என்று ஹேர்பேட் கான்ஸ் 1962இலேயே சுட்டியதும் இக்குறையையே.

அவருடைய செயல் அவருடைய கோட்பாட்டினும் முன்சென்றது. ஒருவரையும் வெளியேற்றாது வீடமைக்க வேண்டுமென அவரும் அயலவரும் முன்வைத்த திட்டம், 1974இல் 420 வீடுகளாக நிறைவேறியது. அரச உதவித் திட்டத்துள் இருந்த காலம் வரை அங்கே வாடகை கட்டுக்குள் நின்றது. நகரின் வாடகைக் கட்டுப்பாட்டின் வரலாறும் இதனையே கூறும். வெறுமையான வீட்டின் மாத வாடகை 2,000 டொலரை எட்டினால் கட்டுப்பாடு நீங்கும் என 1993இல் விதிக்கப்பட்டது. எத்தனையோ வீடுகள் அவ்வழியே எளியவர் கைநழுவின. குடியிருப்போர் அமைப்புகளின் நெடும் போராட்டத்தின் பின், 2019இலேயே அவ்வழி அடைக்கப்பட்டது.

ஆகவே இந்நூலை ஒதுக்குவதன்று, நிறைவுசெய்வதே நம் பணி. இடிப்போர் கையிலிருந்து வீதியை மீட்கலாம் என அது கற்பித்தது. மீட்ட வீதியிலே அங்கு வாழ்ந்தவனே தொடர்ந்து வாழ வேண்டுமாயின், சாளரத்துக்கு அளித்த காவலை அதன் பின்னே வாழும் குடும்பத்துக்கும் அளித்தல் வேண்டும்.